இரைப்பைப் புற்றுநோய்: நீண்டகால உயிர்வாழ்வு

இரைப்பைப் புற்றுநோயாளர் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதை மருந்தைவிட, நோய் பிடிபடும் கட்டமே பெரிதும் தீர்மானிக்கிறது. கட்டி உட்சவ்விலேயே நிற்கும்போது அகற்றினால் பத்தில் ஒன்பது பேராவது ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். கல்லீரலுக்கோ வயிற்றறைச் சவ்வுக்கோ பரவியபின் கடப்போர் மிகச் சிலர். நாற்பதும் அதற்கு மேலும் வயதானோருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதனை நடத்தும் தென்கொரியாவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அத்தகைய திட்டம் இல்லாத அமெரிக்காவில் ஏறக்குறைய அதில் பாதிதான். நோயை முன்னதாகக் கண்டால், இறக்கும் நாள் மாறாமலே வாழ்ந்த ஆண்டுகள் கூடியதாகத் தோன்றுமே என்று கேட்கலாம். நியாயமான ஐயம்தான். ஆனால் 2017-இல் வெளியான கொரிய ஆய்வு இறப்பையே எண்ணியது: எண்டோஸ்கோப்பி செய்துகொண்டோர் இந்நோயால் இறக்கும் வாய்ப்பு 47 விழுக்காடு குறைவு. சோதனைக்கு வருவோர் இயல்பாகவே உடல்நலம் பேணுவோர் என்றாலும், அப்படியே வந்து பேரியம் எக்ஸ்ரே எடுத்தோரிடம் பலன் தெரியவில்லை.

அறுவையும் கணக்கை மாற்றுகிறது, மெதுவாக. நெதர்லாந்தில் நிணநீர்க் கணுக்களை விரிவாக அகற்றிப் பார்த்தபோது அறுவையை ஒட்டிய இறப்பு 4-இலிருந்து 10 விழுக்காடாக ஏறியது. அந்த முறையே தோல்வி என்றுதான் முதலில் எண்ணினார்கள். 15 ஆண்டுக்குப்பின் பார்த்தால், புற்றுநோயால் இறந்தோர் வழக்கமான அறுவையில் 48 விழுக்காடு, விரிவான அறுவையில் 37. ஆக, ஐந்தாண்டு எல்லைக்கோடு அல்ல. இரைப்பை முழுவதும் எடுக்கப்பட்டவருக்குக் கல்லீரலில் சேர்ந்திருந்த பி12 வைட்டமின், புதிதாகச் சேராமல், சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். புற்று திரும்பாதவருக்கும் பி12, பெரும்பாலும் ஊசியாக, ஆயுள் முழுக்கத் தேவை.