பெரட்டுக் களத்துக் கொய்னா: கிள்ளான் வட்டாரத்தில் மலேரியா மருந்தின் அளவும் காலமும்

மலேரியாவைத் தடுக்க மருந்து உண்பதும் அந்நோய் வந்தபின் தீர்க்க மருந்து உண்பதும் ஒரே மாத்திரையின் இரு பயன்கள் என்று கருதும் வழக்கம் நெடுநாளாக இருந்துவருகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதையும், அளவிலும் கால வரையறையிலும் ஒன்றை மற்றொன்றோடு கலப்பதே மருந்தின் பாதுகாப்பைக் கெடுக்கிறது என்பதையும் கிள்ளான் வட்டாரத்தின் நூற்றாண்டு கால அனுபவம் தெளிவாக எடுத்துரைக்கிறது.

1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் கிள்ளானில் அரசு மருத்துவராகப் பொறுப்பேற்றபோது நகரமும், அதே ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் (இன்றைய போர்ட் கிள்ளான்) மலேரியாவால் நிலைகுலைந்திருந்தன. புதிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. சதுப்பு நிலங்களை வடித்து, காட்டை வெட்டி, வாய்க்கால் அமைத்ததன் பயனாக அடுத்த சில ஆண்டுகளிலேயே மருத்துவமனைக்கு வரும் மலேரியா நோயாளிகளின் தொகை பெரிதும் குறைந்தது. ஆனால் சமவெளியில் வென்ற இம்முறை மலைப்பாங்கான ரப்பர்த் தோட்டங்களில் பொய்த்தது. சமவெளியில் நோய் பரப்பிய அனாபிலிஸ் அம்ப்ரோசஸ் நிழல் விழும் சதுப்பு நீரில் வளர்வதால் காடு அழிந்ததும் தானும் அழிந்தது. மலையோரத்து அனாபிலிஸ் மாக்குலேட்டஸோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரை நாடும் கொசுவாதலால், அங்கே காட்டை வெட்டியது அதற்கு இடம் அமைத்துக் கொடுத்ததாக முடிந்தது. நிலத்தடிக் குழாய்களும் நீர்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் அங்கே பரவும் வரையிலும், பரவாத தோட்டங்களில் அதன் பின்னரும், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளருக்குக் கிடைத்த முதன்மையான காப்பு கொய்னா மட்டுமே.

சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் கொய்னா, இரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகும் ஒட்டுண்ணியைக் கொல்லுவது. கல்லீரலில் தங்கியுள்ள ஒட்டுண்ணியை அது தொடுவதில்லை. விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆளெடுக்கும் அணிவகுப்பில், அது வழங்கப்பட்டது. பெரட்டுக்கு வந்த பெரியவர்களுள் கணிசமானோர் ஏற்கெனவே நோய்க்கிருமியைச் சுமந்தவர்கள் என்பதை இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் குழந்தைகளின் வீங்கிய மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தே ஒரு தோட்டத்தின் மலேரியாவை அக்கால மருத்துவர்கள் அளந்தனர். கிருமியைச் சுமந்த அப்பெரியவர்களுக்குத் தடுப்புக்கான சிற்றளவைக் கொடுத்தால் காய்ச்சல் தணியும், ஆள் வேலைக்குப் போவார், கிருமி உடலில் எஞ்சும், கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுசெல்லும். தொழிலாளியைப் பெரட்டில் நிற்க வைக்கும் அளவும் அவரை நோயிலிருந்து விடுவிக்கும் அளவும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தோட்டப் பொருளாதாரம் வசதியாக மறந்துவிட்டது என்று கூறுவது மிகையாகாது.

கொய்னா உயிர்களைக் காத்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அது மட்டுமே போதும் என்ற நிலைப்பாடு, மனித உடலிலுள்ள கிருமியைக் கொய்னாவால் ஒழிக்கலாம் என்ற ராபர்ட் கோக்கின் கொள்கையோடு நெருக்கமுடையது. கொசு ஒழிப்பை வற்புறுத்திய ரொனால்ட் ராஸின் பக்கமே வாட்சன் நின்றார். முறையற்ற கொய்னாப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்தப்பட்ட கருநீர்க் காய்ச்சல் என்னும் கொடிய நிலை, அதாவது சிவப்பணுக்கள் பெருமளவில் சிதைந்து சிறுநீர் கறுத்துப்போவது, விட்டுவிட்டு உண்ணும் மருந்து வெறும் பயனின்மையோடு நில்லாது என்பதைக் காட்டியது. காதிரைச்சல், கேள்வி மந்தம், இரத்தச் சர்க்கரை சரிதல் ஆகியவையும் கொய்னாவின் அறியப்பட்ட விளைவுகளே.

இன்று மலேசியாவில் முதல்நிலை மருந்து ஆர்ட்டிமெதர்-லூமிபான்ட்ரின் கூட்டு மாத்திரை. மூன்று நாளில் ஆறு வேளை, கொழுப்புள்ள உணவோடோ பாலோடோ உண்ண வேண்டிய இம்மருந்தை, இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது என்று நிறுத்துவது பெரட்டுக் களத்துப் பிழையின் மறுவடிவமாகும்.

விவாக்ஸ் வகை மலேரியாவில் சிக்கல் இன்னும் கூடும். சென்னையில் நெடுங்காலமாக மிகுதியாகக் காணப்பட்ட இவ்வகைக் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் எழும். உறங்கும் கிருமியைக் கொல்லப் பிரைமாகுவின் வேண்டும். ஆனால் ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவருக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கும். மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இக்குறைபாட்டுச் சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. அவ்வழக்கம் ஏற்படுமுன் பிறந்த முதியவர்களுக்கும், இந்தியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கிள்ளானில் வேலை செய்யும் தொழிலாளருக்கும் அந்தச் சான்று இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆதலால் அவர்களுக்கு மாத்திரைக்கு முன் சோதனை கட்டாயமாகிறது. கருவுற்ற பெண்களுக்குப் பிரைமாகுவின் ஆகாது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோரின் தடுப்பு மருந்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும். டாக்சிசைக்ளின் இரத்தத்திலுள்ள கிருமியையே தாக்குவதால், கல்லீரலிலிருந்து பின்னர் வெளிவரும் கிருமியை எதிர்கொள்ள, திரும்பிய பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். அட்டோவகுவோன்-புரோகுவானில் கல்லீரல் நிலையையும் தாக்குவதால் ஏழு நாள் போதும். வீடு திரும்பிய அன்றே மாத்திரையை நிறுத்துபவர் பயணம் முழுவதும் உண்டதன் பயனை இழக்க நேரிடலாம். மெப்லோகுவின் மனநோய் அல்லது வலிப்பு வரலாறு உள்ளவருக்குப் பொருந்தாது. டாக்சிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்டோருக்கும் வழங்கப்படுவதில்லை. தடுப்பு மருந்து உண்ணும்போதே காய்ச்சல் கண்டால், அதே மாத்திரையைக் கூட்டி உண்பதைத் தவிர்த்து, இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டில் தோன்றவில்லை. எனினும் குரங்குகளிலிருந்து தொற்றும் நோலெசி வகை தொடர்கிறது. பகாங் காட்டில் பணியாற்றிய ஒருவரிடம் 1965இல் இயற்கையான மனிதத் தொற்றாக முதன்முதலில் இனங்காணப்பட்ட இக்கிருமி, நுண்ணோக்கியில் மலேரியே என்னும் மென்மையான வகையைப் போலவே தோன்றுவதால், 2004இல் சரவாக்கின் காப்பிட் நோயாளிகளை ஆராய்ந்த பல்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனையால் வேறுபடுத்தும் வரை பெரும்பாலும் மறைந்தே இருந்தது. இருபத்து நான்கு மணிநேரத்திற்கு ஒருமுறை பெருகும் கிருமியாதலால், ஒரு நாள் தாமதம் என்பது கிருமியின் ஒரு முழுச் சுற்றுப் பெருக்கமாகும். டெங்கி மலிந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் எக்காய்ச்சலையும் முதலில் டெங்கியென்றே நினைப்பது இயல்பு. உலு சிலாங்கூர்க் காட்டுக்குப் போய்வந்த செய்தியை நோயாளியிடம் மருத்துவர் கேட்காவிட்டால், அல்லது நோயாளி தாமாகச் சொல்லாவிட்டால், மலேரியாவுக்கான இரத்தப் பூச்சு அன்று எடுக்கப்படுவதில்லை.