வரகனேரியிலிருந்து லத்தீனுக்கு

திருமயத்தில் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்நிய மொழி பற்றிப் பேச என்ன யோக்யதை என்று கேட்கலாம். பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்தபோது பகுதி ஒன்றில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தவன் நான் என்பதுதான் பதில். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிரெஞ்சில் மார்க் வரும் என்று வரிசையில் முன்னால் நின்றவன் சொன்னான். வந்தது. வினைச்சொல் அட்டவணைகளை உருப்போட்டேன். பத்திகளை ஆங்கிலத்தில் பெயர்த்தே தேறினேன். இன்று போதலேரை ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன். மலேசியாவிலிருந்து திரும்பிவந்து எங்கள் கவுண்டரில் பாஸ்புக் நீட்டும் பெரியவருக்கு மலாய் எவ்வளவோ தெரியும்.

இதற்கு நேர் எதிரான ஒரு தேர்வு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பக்கத்துத் திருச்சியிலேயே நடந்திருக்கிறது. வரகனேரியில் 1881ல் பிறந்த வ.வே.சு. ஐயர் புனித வளனார் கல்லூரியில் சரித்திரம், அரசியலோடு லத்தீனையும் படித்து பி.ஏ. ஆனார். 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883ல் திருச்சிக்கு வந்த இயேசு சபைக் கல்லூரி அது. லத்தீன் அங்கே பாதிரிமாரின் சொந்தச் சரக்கு. ஆனால் ஒரு பிராமணப் பையன் கைக்கெட்டிய சமஸ்கிருதத்தோடு நின்றுவிடாமல் அதைத் தொட்டது சாதாரண விஷயமில்லை.

அந்தக் காலத்து வழக்கமான பாதை என்னவென்று பார்க்க வெளியே போகவேண்டியதில்லை. 1887ல் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு சட்டம் என்று போனார். வெள்ளைக்காரன் மொழியைச் சட்டசபையில் அவன்மேலேயே திருப்பியவர்களில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தலைமுறையில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம்தான் ஐரோப்பா. ஜன்னலையே வெளியுலகமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஐயருக்கு அப்படி இல்லை என்றே எனக்குப் படுகிறது. லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகி, 1910ல் புதுச்சேரிக்குத் தப்பி வந்தவர். 1916ல் குறளை ஆங்கிலத்தில் தந்தார். (அதே குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730ல் லத்தீனில் பெயர்த்தவர் வீரமாமுனிவர். அவர் லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தார். இவர் தமிழிலிருந்து லத்தீனுக்குப் போய்த் திரும்பினார்.) 1921ல் பெல்லாரிச் சிறையில் கம்பனைப் பற்றிய ஆராய்ச்சியை எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டனோடு கம்பனை நிறுத்துகிறார், வால்மீகியோடும்தான். காவியங்களைப் பந்தயக் குதிரைகளாக ஓடவிட்டு யார் முந்தினார் என்று பார்க்கும் ஆசை அதில் இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. சேரன்மாதேவி குருகுலத்துப் பந்தி விவகாரத்தில் அவர்மேல் எனக்குள்ள கசப்பும் தனி. ஆனால் ஒன்றை மறுக்கமுடியாது. வர்ஜிலை மூலத்திலேயே படிக்கக்கூடியவருக்கு மில்டன் ஐரோப்பியக் கவிகளில் ஒருவர்தான், அளவுகோல் அல்ல. ஆங்கிலத்தையும் ஓர் அந்நிய மொழியாகப் பார்க்க அவருக்கு இன்னொரு அந்நிய மொழி உதவியது. ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் எழுதினார் என்பது இதைப் பொய்யாக்கிவிடாது. அது அவருக்கு வாகனம், அவ்வளவுதான்.

நம் நவீன விமர்சனம் இந்த இடத்தில்தான் சறுக்கியது. காஃப்காவையும் காம்யுவையும் பற்றிப் பேசினோம், பெரும்பாலும் பெங்குவின் பதிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு. க.நா.சு. ஆங்கிலம் வழியாகவே எத்தனையோ ஐரோப்பியர்களைக் கொண்டுவந்தார். அந்தக் கடன் தீராது. ஆனால் 1942ல் வந்த காம்யுவின் நாவலை வெ. ஸ்ரீராம் நேரே பிரெஞ்சிலிருந்து ‘அந்நியன்’ என்று தமிழாக்கி, க்ரியா வெளியிட 1980 ஆனது. நடுவே ஒரு மொழி குறைந்ததால் என்ன கூடியது என்பதை அதன் வாக்கியங்களைப் படித்தவர்கள் உணர்வார்கள். பிரெஞ்சை மார்க்குக்காக எடுத்த என் போன்றவர்களோ வருஷாவருஷம் கல்லூரிகளிலிருந்து வந்துகொண்டே இருந்தோம்.

போன ஜூனில் என் அக்கா மகன் கல்லூரி விண்ணப்பத்தோடு வந்தான். ‘பகுதி ஒண்ணுல எந்த மொழி போடட்டும் மாமா?’ என்றான். பதில் சொல்லாமல் ஐயரின் கம்பன் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அங்கே இங்கே புரட்டிவிட்டு, ‘இந்த வர்ஜிலை நீங்க படிச்சிருக்கீங்களா?’ என்று கேட்டான்.

‘இங்கிலீஷில்’ என்றேன்.