புதிய பதிப்பும் பழைய கோப்பும்: தமிழ் எழுத்துமாற்றிகளின் வரலாறு

மும்பையின் துறைமுக இருப்புப்பாதையில் கோவண்டிக்கும் வாஷிக்கும் இடையே உள்ள மான்குர்த் நிலையத்தின் பெயர்ப்பலகையில் மராத்தி, இந்தி, ஆங்கில எழுத்துகளே உள்ளன. அப்பகுதியில் பல பத்தாண்டுகளாக வாழும் தமிழர் அப்பெயரைத் திருமண அழைப்பிதழிலும் சங்க அறிக்கையிலும் தமிழில் எழுத நேரும்போது மான்குர்த், மாங்குர்த், மான்கூர்த் என ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் பிறக்கின்றன. மராத்திய ஊர்ப்பெயர்களில் ‘குர்த்’ என்னும் பாரசீகச் சொல் சிறியது என்னும் பொருளிலும், அதற்கு எதிரான ‘புத்ருக்’ பெரியது என்னும் பொருளிலும் வழங்குகின்றன. ‘குர்த்’ என்பதன் மராத்தி வடிவில் முதலெழுத்து ககர வருக்கத்தின் இரண்டாம் எழுத்தாகவும் இறுதியெழுத்து தகர வருக்கத்தின் மூன்றாம் எழுத்தாகவும் இருப்பதால், இரண்டுக்கும் தமிழில் தனிவடிவம் இல்லை. ஒரு வரிவடிவத்திலோ குறியீட்டு முறையிலோ உள்ள ஆவணத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் கருவியான எழுத்துமாற்றி எதிர்கொண்ட சிக்கல்களில் பெரும்பாலானவை இவ்வோர் ஊர்ப்பெயருக்குள் அடங்கியிருப்பதால், அக்கருவியின் தமிழ் வரலாற்றை ஆராய்வதற்கு இப்பெயர் பொருத்தமான உரைகல்லாகிறது.

மென்பொருள் ஒன்றின் மறுபதிப்பு வெளியாகும்போது அதனுடன் வரும் குறிப்பில் இருவகைச் செய்திகள் இடம்பெறுவது வழக்கம். முன்பு செய்ய இயலாத ஒன்றைக் கருவி இப்போது செய்யும் என்பது புதிய வசதி. முன்பு ஒருவிதமாகச் செய்ததை இனி வேறுவிதமாகச் செய்யும் என்பது நடத்தை மாற்றம். புதிய வசதியை வேண்டாதவர் விட்டுவிடலாம். நடத்தை மாற்றமோ, பழைய கோப்பை மீண்டும் மாற்றிப் பார்க்கும் எவரையும் அவர் அறியாமலே தொட்டுவிடுகிறது. தமிழ் எழுத்தின் வரலாற்றில் இவ்விரண்டும் கணிப்பொறிக்கு மிக முற்பட்டவை.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டிருந்தது; எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவத்தால் வேறுபடவில்லை; ரகரத்திற்கும் காலுக்கும் ஒரே கோடு பயன்பட்டது. எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் அப்புள்ளி மறைந்துபோனமையால், 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிவடிவம் வகுத்து அக்குழப்பத்தைத் தீர்க்க முற்பட்டார். இச்சீர்திருத்தம் ஒரு புதிய வசதியாக வந்து நடத்தை மாற்றமாக நிலைத்தது. ஏனெனில், அதன்பின் ஒற்றைக்கொம்பு குறிலை மட்டுமே குறித்ததால், பழைய சுவடியில் அதே கொம்பைக் காண்பவர் அது குறிலா நெடிலா என ஒவ்வோரிடத்திலும் முடிவு செய்யவேண்டியதாயிற்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது செய்த பணியில் ஒரு பகுதி இத்தகைய முடிவுகளே ஆகும். 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணா, றா, னா ஆகியவற்றின் கூட்டு வடிவங்களையும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் மேல்வளைந்த வடிவங்களையும் நீக்கியபோது எழுத்தின் உருவம் மட்டுமே மாறியது; உள்ளிருந்த எழுத்து மாறவில்லை. உருவ மாற்றத்திற்கும் எழுத்து மாற்றத்திற்கும் இடையிலான இவ்வேறுபாடே பின்னர்க் கணித்தமிழின் நடுச்சிக்கலாக வளர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தட்டச்சுப்பொறி, எழுத்தை அதன் ஒலிமுறைப்படி அன்றிக் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளாகப் பகுத்தது. ‘கொ’ என எழுதுவதற்கு முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், இறுதியில் கால் என மூன்று விசைகள் தேவைப்பட்டன. புள்ளியோ, உருளையை நகர்த்தாத விசையில் அமைந்து, தான் ஏறவேண்டிய எழுத்துக்கு முன்னரே அடிக்கப்பட்டது. தாளில் பதிந்த உருவமே இறுதி விளைவாக இருந்தவரை இவ்வரிசையால் தீங்கில்லை. 1980களிலும் 1990களிலும் தனிக்கணினிக்குத் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர் இதே பகுப்பைப் பின்பற்றி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ்த் துண்டுகளை அமர்த்தினர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு, ஈழத்தமிழரிடையே பரவிய பாமினி, தமிழ்நாட்டு அலுவலகங்களில் வழங்கிய வானவில் என ஒவ்வொன்றும் தனித்தனி அட்டவணையைக் கொண்டிருந்தமையால், ஓர் எழுத்துருவில் அச்சுக்கோத்த பக்கம் மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. எழுத்துமாற்றி என்னும் கருவி இத்தேவையிலிருந்தே பிறந்தது.

இதே காலத்தில் இந்திய மொழிகளனைத்தையும் ஓர் அட்டவணையில் அடக்கும் முயற்சியும் நடைபெற்றது. 1988இல் வகுக்கப்பட்டு 1991இல் இந்தியத் தரமாக அறிவிக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியீடு, ஒத்த ஒலியுடைய எழுத்து எம்மொழியில் இருந்தாலும் அதற்கு ஒரே எண்ணை வழங்கியது. தேவநாகரி ககரமும் தமிழ்க் ககரமும் ஒரே எண்ணைப் பெற்றதால், வரிவடிவத்தை மட்டும் மாற்றினால் ஒரு மொழிப் பெயரை மற்றொரு மொழி எழுத்தில் காணலாம் என்பது அதன் அடிப்படைக் கருத்து. தெலுங்கு, கன்னடம் போன்று வருக்க எழுத்துகள் நிறைந்த மொழிகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தியது. தமிழுக்கு அவ்வாறு பொருந்தவில்லை. 1991இல் வெளியான, யுனிகோடு எனப்படும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1988ஆம் ஆண்டின் இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியதால், தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இடங்களும், தகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே மூன்று இடங்களும் இன்றும் வெறுமையாகக் கிடக்கின்றன. மான்குர்த் என்னும் பெயரின் இரண்டு மராத்தி எழுத்துகள் தமிழ்ப்பகுதியில் வந்து சேரவேண்டிய இடங்கள் அந்த வெற்றிடங்களுள் இரண்டே ஆகும்.

1997இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழிணைய மாநாடுகளும் அவற்றையொட்டிய விவாதங்களும் தமிழுக்கெனப் பொதுக் குறியேற்றத்தைத் தேடின. தன்னார்வலரின் கூட்டுமுயற்சியாகத் திஸ்கி என்னும் குறியேற்றம் உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே ஒருமொழிக்குரிய தாம், இருமொழிக்குரிய தாப் என்னும் இரு குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை முதலில் திஸ்கியில் வெளியிட்டு, பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. இம்மாறுதலில் எண்ணுக்கு எண் மாற்றும் எளிய அட்டவணை போதவில்லை. திஸ்கி போன்றவை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முன்னே வைத்தன. ஒருங்குறியோ ஒலிமுறையில் மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைத்தது. ஆகவே மாற்றி ஒவ்வொரு கொம்பையும் பிடித்து அடுத்த மெய்க்குப் பின்னால் நகர்த்தவேண்டும். அம்மெய்யை அடுத்துக் கால் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒகர உயிர்க்குறியாக்கவேண்டும்.

இவ்விதிகளுள் நுட்பமானது ஔகாரத்தைப் பற்றியது. ஔகாரக் குறியின் வலப்பாகமும் ளகரமும் ஒரே உருவம் கொண்டிருப்பதால், பழைய எழுத்துருக்களில் அவை ஒரே விசையால் எழுதப்பட்டன. எனவே ‘கௌரி’ என்பதன் முற்பகுதிக்கும் ‘தெளிவு’ என்பதன் முற்பகுதிக்கும் கோப்பினுள் அமைப்பு வேறுபாடு இல்லை. ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது மெய்யெழுத்து, வராவிட்டால் ஔகாரத்தின் பகுதி என ஒரு விதி வகுத்தால் பெரும்பாலும் சரியாக அமையும். இவ்விதி இல்லாத கருவி பௌத்தத்தை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகவே விட்டுச்செல்லும். விதியைப் பெற்ற அடுத்த பதிப்பு ஔகாரமாக்கும். இரண்டும் திரையில் ஒன்றாகவே தோன்றுவதால் மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணுக்கு எதுவும் அகப்படுவதில்லை. சொல்லைத் தேடும்போதும் அகரவரிசைப்படுத்தும்போதும் மட்டுமே வேறுபாடு வெளிப்படுகிறது.

கருவிகளின் அமைப்பிலும் ஒரு பொதுமுறை உருவாயிற்று. பத்துக் குறியேற்றங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாக மாற்றுவதற்கு 90 அட்டவணைகள் தேவைப்படும். எல்லாவற்றையும் ஒரு நடுவடிவத்துக்குக் கொணர்ந்து அங்கிருந்து அனுப்பினால் 20 போதும். சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் முதலிய கருவிகள் பரவிய காலத்தில் அந்த நடுவிடத்தை ஒருங்குறி பெற்றது. கலிபோர்னியாவின் மெய்யியற் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டாக் என்னும் பொது ஆவணமாற்றியும், உள்வரும் ஆவணத்தை முதலில் நடுவடிவ மரமாக்கிப் பின் வேண்டிய வடிவில் எழுதும் இதே முறையில் அமைந்தது. இம்முறையின் விலை யாதெனில், நடுவடிவத்தில் இடமில்லாத எதுவும் வழியிலேயே விழுந்துவிடும் என்பதும், நடுவடிவம் மாறினால் எல்லா வழிகளும் ஒருங்கே மாறும் என்பதும் ஆகும்.

தமிழின் நடுவடிவமான ஒருங்குறிக்குக் கண்ணால் காணும் உருவம் அளித்ததில் மும்பைக்குப் பங்குண்டு. ஜுஹுவில் 1985இல் தனி நிறுவனமாகி, 2003இல் சி-டாக் அமைப்புடன் இணைக்கப்பட்ட தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றியவரும், அதற்குமுன் மும்பை ஐ.ஐ.டி.யில் எழுத்துக்கலை கற்பித்தவருமான ஆர். கே. ஜோஷியின் இயக்கத்திலேயே தேவநாகரிக்குரிய மங்கள், தமிழுக்குரிய லதா ஆகிய எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்ட்டுக்காக வடிவம் பெற்றன. 2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழைத் திரையில் ஒழுங்காகக் காட்டிய போது, ஒலிமுறையில் சேமித்த எழுத்தைக் கண்முறையில் வரிசைப்படுத்தும் வேலை, தட்டச்சரிடமிருந்து இயங்குதளத்துக்குச் சென்றது. ஒரு தலைமுறையின் கைப்பழக்கத்தையே மாற்றிய நடத்தை மாற்றம் இது. கொம்பை முதலில் அடித்துப் பழகியோர் மெய்யை முதலில் அடிக்கவேண்டியவராயினர், அல்லது பழைய வரிசையை ஏற்றுப் புதிய வரிசையில் சேமிக்கும் விசைப்பலகையை நாடினர்.

ஒருங்குறி ஒருமுறை வழங்கிய இடத்தைத் திரும்பப் பெறுவதில்லை என்னும் உறுதியைக் கொண்டது. எனினும் புதிய எழுத்தைச் சேர்ப்பதே பழைய எழுத்தின் பொருளை மாற்றக்கூடும். 2005இல் வெளியான 4.1ஆம் பதிப்பில் ‘ஶ’ என்னும் கிரந்த எழுத்துக்கு இடம் கிடைத்தது. அதுவரை ஸகரம், புள்ளி, ரகர ஈகாரம் ஆகியவற்றின் தொடராகச் சேமிக்கப்பட்ட ‘ஸ்ரீ’, அதன்பின் ஶகரத்தை முதலாகக் கொண்ட தொடராகவும் எழுதப்படலாயிற்று. எழுத்துருக்கள் பல இரண்டு தொடர்களையும் ஒரே உருவமாகக் காட்டுகின்றன. விளைவாக, 2005க்கு முன் மாற்றப்பட்ட ஆவணத்தில் உள்ள ஸ்ரீரங்கமும் பின்னர் மாற்றப்பட்ட ஆவணத்தில் உள்ள ஶ்ரீரங்கமும் தேடுபொறிக்கு இருவேறு ஊர்களாக இருக்கக்கூடும். தமிழ்நாடு அரசு 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி ஒருங்குறியையும், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் வழங்கும் டேஸ் 16 என்னும் குறியேற்றத்தையும் ஏற்றபோது, உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்வதா, மெய்யும் உயிர்க்குறியுமாகப் பகுப்பதா என்னும் பழைய வழக்கு அரசாணையில் ஏறியது. 2019இல் 12.0ஆம் பதிப்பு பழந்தமிழ்ப் பின்னங்களும் கணக்குக் குறிகளுமாக 51 குறிகளைத் தமிழ்த் துணைப்பகுதியில் சேர்த்தது. இதற்கு முன் மாற்றப்பட்ட கணக்கு ஏடுகளில் அக்குறிகள் படமாகவோ சொல்லாகவோ மட்டுமே நின்றன.

வரிவடிவத்திலிருந்து வரிவடிவத்துக்கு மாற்றும்போது மான்குர்த்தின் சோதனை கடுமையாகிறது. தமிழ் ‘மான்குர்த்’ என்பதை எழுத்துக்கு எழுத்தாகத் தேவநாகரிக்கு மாற்றினால் மராத்தி எழுத்துமுறையிலிருந்து ஐந்து வேறுபாடுகள் தோன்றும். தமிழ் னகரத்துக்கென ஒருங்குறி தேவநாகரியில் வைத்துள்ள அடிப்புள்ளி இட்ட நகரம் முதலாவது. அதன்மேல் மராத்தி எழுதாத மெய்க்குறி இரண்டாவது. வருக்கத்தின் இரண்டாம் எழுத்துக்குப் பதிலான முதலெழுத்து மூன்றாவது. தகர வருக்கத்தின் மூன்றாம் எழுத்துக்குப் பதிலான முதலெழுத்து நான்காவது. இறுதியில் மராத்தி எழுதாத மற்றொரு மெய்க்குறி ஐந்தாவது. தோத்திர நூல்களை அச்சிட்டோர் வருக்க எழுத்தைக் காட்டக் ககரத்தின் மேல் 2, 3, 4 என எண்ணிடும் வழக்கத்தை முன்பே வகுத்திருந்தனர். வினோத் ராஜன் உருவாக்கிய அக்ஷரமுக போன்ற எழுத்துமாற்றிகள் அவ்வழக்கத்தைக் கணினிக்குக் கொணர்ந்து, ‘மாநகு²ர்த³’ என்பதுபோல் மூலத்தை இழக்காத வடிவத்தைத் தருகின்றன. அவ்வடிவத்திலிருந்து மராத்திக்குப் பிழையின்றித் திரும்பலாம். ஆனால் அழைப்பிதழில் அச்சிட எவரும் அதை விரும்பார். படிப்பவருக்கு உதவும் மாற்றம் மீண்டுவர உதவாது என்பதும், மீண்டுவர உதவுவது படிப்பவருக்கு உதவாது என்பதும் இத்துறையின் தீராத முரண்.

இது அறிஞர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. மகாராஷ்டிர அரசு 1976இல் மும்பைக் குடிசைப்பகுதிகளில் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டைகளை வழங்கியது. அதே ஆண்டில் ஜனதா காலனி என்னும் குடியிருப்பு அகற்றப்பட்டு, அங்கு வாழ்ந்த தமிழர் உள்ளிட்டோர் மான்குர்த்தை அடுத்த சீத்தா கேம்ப்பில் குடியமர்த்தப்பட்டனர். குறிப்பிட்ட நாளுக்கு முன்பிருந்தே குடியிருந்தமையை ஆவணத்தால் மெய்ப்பிக்கவேண்டிய இத்தகைய பகுதிகளில், தமிழ்ப் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் மராத்தி அட்டையில் உள்ள பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா என்பது வீட்டுரிமையைத் தொடும் வினா. ககர தகரங்கள் ஒவ்வொன்றும் பல ஒலிகளைத் தாங்குவதால், ‘கந்தன்’, ‘தங்கம்’ போன்ற பெயர்கள் மராத்திக்குச் செல்லும்போது எவ்வொலியை எழுதுவது என்பதை எழுத்தரோ கருவியோ முடிவு செய்யவேண்டியுள்ளது. அம்முடிவு எங்கும் பதிவாவதில்லை.

எனவே மாற்றப்பட்ட ஒவ்வோர் ஆவணமும் தன் மூலத்தோடு, தன்னை மாற்றிய கருவி அந்நாளில் கொண்டிருந்த விதிகளையும் சுமந்து நிற்கிறது. சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் கொடுத்து, தாம் செய்த முடிவை மற்றவர் மறுபரிசீலனை செய்ய வழிவைத்தனர். கணினிக் கோப்புக்கு அதற்கிணையான அடிக்குறிப்பு, மூலக் கோப்பை அழிக்காமல் வைத்து, மாற்றிய கருவியின் பெயரையும் பதிப்பெண்ணையும் நாளையும் உடன் எழுதிவைப்பதே ஆகும். அவ்வாறு செய்யப்பட்டிருந்தால், மான்குர்த் என்னும் சொல்லில் உள்ள தகரம் தமிழரின் தகரமா, மராத்தி வருக்கத்தின் மூன்றாம் எழுத்தா என்பதை நாளைய ஆய்வாளர் ஊகிக்க வேண்டியதில்லை. மூலக் கோப்பையும் பதிப்பெண்ணையும் பார்த்தே அறிந்துகொள்வார்.