ஸ்பெயின் கைதியும் ஐந்து லட்சம் பவுண்டும்

2006-ஆம் வருஷம். அப்போ எங்க ஊர்ல ஒரு பிரௌசிங் சென்டர்ல சாயங்காலம் 5 மணியிலிருந்து 10 மணி வரைக்கும் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். மணிக்கு 20 ரூபாய், பிரிண்ட் எடுத்தால் பக்கத்துக்கு 5 ரூபாய். ஒருநாள் எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த வாத்தியார் வந்தார். ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெளியூரில் இருக்கும் மகனோடு பேசுவதற்காக அவருக்கு மெயில் ஐடி தொடங்கிக் கொடுத்ததே நான்தான்.

"இதை ரெண்டு காப்பி எடுத்துக் குடுப்பா" என்றார்.

எடுத்தேன். எடுக்கும்போதே கண் மேய்ந்துவிட்டது. இங்கிலாந்து லாட்டரி. உலகம் முழுக்க உள்ள மின்னஞ்சல் முகவரிகளை கம்ப்யூட்டரில் போட்டுக் குலுக்கியதில் உங்கள் முகவரிக்கு 5,00,000 பவுண்டு விழுந்திருக்கிறது. பேட்ச் நம்பர் இது, ரெஃபரன்ஸ் நம்பர் இது. பணம் கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம். கீழே 'கிளெய்ம்ஸ் ஏஜென்ட்' என்று ஒரு டாக்டர் பெயர், ஓசியில் கிடைக்கிற மெயில் ஐடி ஒன்று.

எனக்கு அது என்னன்னு தெரியும். அந்த வருஷத்தில் என் மெயில் பெட்டிக்கே வாரத்துக்கு நாலு வரும். ஆனால் பின்னாடி ரெண்டு பேர் காத்துக்கிட்டிருந்தாங்க. வாத்தியார் முகத்தில் ஒரு வெளிச்சம். பின்னத்தில் தப்பு செய்தால் காதைத் திருகிய மனுஷனிடம் "சார், இது டுபாக்கூர்" என்று எப்படிச் சொல்வது? 10 ரூபாயை வாங்கி கல்லாவில் போட்டேன். இளிச்சேன். அவ்வளவுதான்.

அந்தப் பத்து ரூபாய் ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்தது. அதனால்தான் இந்த மெயிலோட பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட கதை நைஜீரியாவில் நிற்கவில்லை, கம்ப்யூட்டரிலும் நிற்கவில்லை. நேரா பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக்குப் போய்விட்டது.

பாரிஸில் விடாக் என்று ஒரு ஆசாமி. 1775-ல் பிறந்தவர். முதலில் திருடன், ஜெயிலில் இருந்து பலமுறை தப்பியவர்; அப்புறம் பாரிஸ் போலீஸின் துப்பறியும் பிரிவுக்கே தலைவர் ஆனார். (நம்ம ஊர் சினிமாவில்கூட இப்படி ஒரு திருப்பம் வைத்தால் நம்ப மாட்டோம்.) அவர் 1830-களில் திருடர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் 'ஜெருசலேம் கடிதங்கள்' என்ற தொழிலை விவரிக்கிறார். பிசேத்ர் சிறையில் இருக்கும் கைதிகள், வெளியூர்ப் பணக்காரர்களின் பெயர்களைச் சேகரித்து அவர்களுக்குக் கடிதம் போடுவார்களாம். "ஐயா, நான் ஒரு பிரபுவின் வேலைக்காரன். புரட்சிக்குப் பயந்து நானும் எஜமானரும் ஓடும்போது, தங்கமும் நகையும் நிறைந்த பெட்டியை உங்கள் ஊர்ப்பக்கம் போட்டுவிட்டுப் போனோம். அதை எடுக்க வந்த இடத்தில் பிடிபட்டு ஜெயிலில் இருக்கிறேன். கொஞ்சம் பணம் அனுப்பினால் இடம் எங்கே என்று சொல்கிறேன்." இதுதான் சாரம்.

நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வருமாம். விடாக்கே எழுதியிருக்கிறார். நூற்றுக்கு இருபது! இன்றைய ஸ்பேம் பார்ட்டிகள் கனவிலும் காணாத கணக்கு.

இதே கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எல்லை தாண்டி 'ஸ்பெயின் கைதி' ஆகிவிட்டது. ஸ்பெயின் சிறையில் ஒரு பெரிய மனுஷன், வெளியே அநாதையாக ஒரு மகள், ஒரு ரகசியப் பெட்டி. கடிதம் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போகும். 1898 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றிச் செய்தி போட்டது. தலைப்பே, பழைய மோசடி ஒன்று மறுபடி உயிர் பெற்றது என்ற அர்த்தத்தில்தான். 1898-லேயே அது பழசு!

அடுத்த ஸ்டாப் நைஜீரியா. 1980-களில் எண்ணெய் விலை சரிந்து அந்த நாட்டுப் பொருளாதாரம் படுத்தது. படித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை, ஆனால் ஆங்கிலம் உண்டு, டைப்ரைட்டர் உண்டு. அரசு எண்ணெய் நிறுவனத்தின் பெயரில் லெட்டர்ஹெட் அடித்து வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் போனது: "கான்ட்ராக்டில் கூடுதலாகக் காட்டிய பல கோடி டாலர் சும்மா கிடக்கிறது, உங்கள் அக்கவுண்ட் வழியாக வெளியே எடுக்கலாம்." முதலில் தபால், பிறகு டெலக்ஸ், ஃபேக்ஸ், கடைசியில் மெயில். நைஜீரிய குற்றவியல் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு எண் 419. நம்ம ஊரில் 420 எப்படியோ, அங்கே 419. ஒரு நம்பர்தான் வித்தியாசம் :-)

இதில் ஏமாந்தவர்கள் எல்லாம் அப்பாவிக் கிழவர்கள் என்று நினைத்தால் ஒரு விஷயம் சொல்கிறேன். 1995-க்கும் 1998-க்கும் நடுவில் பிரேசிலின் நோரோஸ்தே வங்கியிலிருந்து 24.2 கோடி டாலர் போயிருக்கிறது. அபுஜாவில் புது விமான நிலையம் கட்டப் போகிறோம், முதலீடு செய்யுங்கள் என்று, நைஜீரிய மத்திய வங்கி கவர்னராக நடித்த இமானுவேல் நுவூடே என்பவரும் கூட்டாளிகளும் சொன்னதை நம்பி, அந்த வங்கியின் மூத்த அதிகாரி ஒருவர் அனுப்பிக்கொண்டே இருந்தார். விமான நிலையமே கிடையாது. அந்த வங்கி கடைசியில் மூழ்கியே போனது. 2005-ல் நுவூடேவுக்கு 25 ஆண்டு தண்டனை விழுந்தது. ஒரு வங்கி அதிகாரிக்கே அந்த கதி என்றால் வாத்தியாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

லாட்டரி இதில் எப்போது நுழைந்தது? 1990-களில் கனடாவின் மாண்ட்ரியலில் இருந்து அமெரிக்க முதியவர்களுக்கு போன் போகும். "கனடா லாட்டரியில் ஜெயித்திருக்கிறீர்கள், வரி மட்டும் அனுப்புங்கள்." இதைப் பிடிக்கவே 1998-ல் இரு நாட்டு போலீசும் சேர்ந்து 'புராஜெக்ட் கோல்ட்' என்று ஒரு படை அமைத்தார்கள். 2000-க்குப் பிறகு அதே வசனம் மெயிலுக்கு மாறி, ஹாலந்து, ஸ்பெயின், இங்கிலாந்து லாட்டரிகளின் பெயரில் வர ஆரம்பித்தது. ஸ்பெயினில் 1812-லிருந்து கிறிஸ்துமஸ் லாட்டரி நடக்கிறது, முதல் பரிசுக்கு 'எல் கோர்தோ' என்று பெயர், அதாவது 'குண்டன்'. உண்மையான லாட்டரி. அந்தப் பேரைத்தான் திருடிக்கொண்டார்கள். 2005 ஜூலையில் ஸ்பெயின் போலீஸ் மலாகா பகுதியில் ரெய்டு நடத்தி 300-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது, எல்லாம் இந்த லாட்டரிக் கடித கோஷ்டி. நூறு வருஷம் கழித்து ஸ்பெயின் கைதி ஸ்பெயினுக்கே திரும்பி வந்த மாதிரி.

என்னைக் கேட்டால் லாட்டரிக்கு மாறியதுதான் இந்தத் தொழிலின் பெரிய மூளை. செத்த சர்வாதிகாரியின் கறுப்புப் பணத்தில் பங்கு என்றால் நேர்மையானவன் மெயிலை மூடிவிடுவான். அங்கே கொஞ்சம் திருட்டு மனசு வேண்டும். லாட்டரிக்கு அதுகூட வேண்டாம். அதிர்ஷ்டம் இருந்தால் போதும். அதை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அதுவும் நம்ம ஊரில்! 1968-ல் தமிழ்நாடு அரசே பரிசுச் சீட்டு ஆரம்பித்தது. அப்புறம் டீக்கடை வாசலில் பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று கயிற்றில் வரிசையாகத் தொங்கும். நாகாலாந்து மேப்பில் எங்கே என்று தெரியாதவர்கள்கூட சீட்டைக் கிழித்து வாங்கினார்கள். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தாங்க. சீட்டு போச்சு, பழக்கம் போகலை. பூட்டான் லாட்டரி விழலாம் என்றால் இங்கிலாந்து லாட்டரி ஏன் விழக் கூடாது? வாத்தியாருக்கு அது விசித்திரமாகவே படவில்லை. பாதித் தமிழ்நாட்டுக்கும் பட்டிருக்காது.

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். டீக்கடையில் நாம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினோம். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுகிற லாட்டரி பூமியில் எங்கேயும் கிடையாது. மெயில் ஐடிகளைக் குலுக்கிப் பரிசு கொடுக்கிற லாட்டரியும் கிடையாது. இங்கிலாந்து நேஷனல் லாட்டரியில் ஜெயித்தவர் 180 நாளுக்குள் வந்து கேட்கவில்லை என்றால் பணம் அறக்காரியங்களுக்குப் போய்விடும். அப்புறம் வரி. அங்கே பரிசுக்கு வரியே இல்லை. நம்ம நாட்டில் உண்டு, 30 சதவீதம், ஆனால் பரிசு கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கணும். 'முதலில் வரியைக் கட்டு, பிறகு பரிசு' என்று எவன் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். யாரிடமும் சொல்லாதே என்ற அந்த வரியை மட்டும் தனியாகக் கவனியுங்க. அது அவன் பாதுகாப்புக்கு. வீட்டில் ஒருத்தர் காதில் விழுந்தாலே கதை முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் கார்மக் ஹெர்லி 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார். இவ்வளவு மட்டமான மெயிலை ஏன் அனுப்புகிறார்கள்? மெயில் அனுப்பச் செலவில்லை, பதில் போடுகிறவர்களோடு மாரடிப்பதுதான் செலவு. அதனால் விவரமானவர்கள் முதல் பார்வையிலேயே சிரித்துவிட்டுப் போய்விட வேண்டும், நம்புகிறவர் மட்டும் மிஞ்ச வேண்டும் என்கிறார். நல்ல வாதம். ஆனால் 'நம்புகிறவர் முட்டாள்' என்று அதைப் படிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. வாத்தியார் முட்டாள் இல்லை. அந்தப் பிரிண்ட் ஓரத்தில் பவுண்டு 80 ரூபாய் என்று வைத்துப் பெருக்கி, 4 கோடி என்று அடிக்கோடு போட்டவர். வாழ்க்கையில் வந்த பத்தாவது மெயிலோ பதினோராவது மெயிலோ அது. முதல் ஒன்பதும் மகனிடமிருந்து. மெயிலில் வருவது பொய்யாக இருக்கலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

முதலில் கூரியர் செலவு 18,500 ரூபாய். லண்டனுக்கு இல்லை, டெல்லியில் யாரோ ஒருவர் பெயரில் இருந்த வங்கிக் கணக்குக்கு. அடுத்து, பணம் தீவிரவாதிகளுடையது அல்ல என்று ஒரு சர்டிபிகேட், 42,000. மூன்றாவதாக கஸ்டம்ஸ் என்று 65,000, அது டீச்சரம்மாவின் சங்கிலி. 18,500-ஐக் காப்பாற்ற 42,000. இரண்டையும் காப்பாற்ற 65,000. இப்படி ஆள் பிடித்துக் கணக்கு ஆரம்பித்துப் பணம் வாங்குவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2010 மே மாதம் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. லாட்டரிக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணிச் சட்டப்படி கூடாது என்றும் அதில் நினைவூட்டினார்கள். நாலு வருஷம் லேட்.

ஒரு வருஷம் கழித்து வாத்தியார் மறுபடி சென்டருக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். கையில் இன்னொரு மெயில். நைஜீரியாவின் பொருளாதாரக் குற்றத் தடுப்பு ஆணையம் பெயரில். (2003-ல் தொடங்கிய நிஜமான ஆணையம்தான் அது, அதன் பெயரும் திருட்டு.) "உங்களை ஏமாற்றியவர்களைப் பிடித்துவிட்டோம், இழந்த பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஃபைல் செலவுக்கு மட்டும்..." ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியலைத் தங்களுக்குள் விற்றுக்கொள்வார்கள் என்று பிறகு படித்தேன். அன்றைக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை வாயைத் திறந்தேன்.

"சார், இதுவும் அவனுங்கதான். காசு அனுப்பாதீங்க."

ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"அன்னிக்கு பிரிண்ட் எடுத்தியே, அதைப் படிச்சியாப்பா?"

"படிச்சேன் சார்."

"தெரியுமா?"

"தெரியும் சார்."

தலையை ஆட்டினார். திட்டவில்லை. காதைத் திருகியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். 20 ரூபாயை எடுத்து வைத்தார், நான் வேண்டாம் என்றேன், வைத்துவிட்டுப் போனார்.

இப்போ அவருக்கு வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. கே.பி.சி. லாட்டரியில் 25 லட்சம் என்று அமிதாப் படம் போட்டு வாட்ஸ்அப்பில் வந்தால், 92-ல் ஆரம்பிக்கிற பாகிஸ்தான் நம்பரைச் சுட்டிக்காட்டித் தெருவில் எல்லாருக்கும் அவரே பாடம் எடுக்கிறார். பணத்தை அனுப்பித் தொலைத்தவன் வந்தால் 1930-க்கு உடனே போன் போடச் சொல்லி விரட்டுகிறார். போன மாதம் எனக்கும் ஒன்றை அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: "படித்துவிட்டு மற்றவர்களிடமும் சொல்லவும்."