உப்பும் சுடரும் சொல்லும்

கவிஞர்கள் கூடி வெளியிடும் பத்தாண்டு நிறைவு மலரில் வேதியியலுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். ஆய்வகத்து மாணவன் தமிழில் சிந்திக்க வேண்டுமென உழைத்தோருள் தமிழ்ப் புலவர்கள் முன்னின்றனர். அவர்தம் சங்கம் தோன்றிய ஊர் நம் நெல்லை. அவ்வரலாற்றை நினைவுகூர்தல் நம் கடனாகும்.

யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீனின் முயற்சியால் 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் நூல் வெளிவந்தது. வேதியியலைத் தமிழில் எழுத இயலும் என்பதற்கு அது சான்றாயிற்று. எனினும் ஆசிரியர் அனைவர்க்கும் பொதுவான சொற்கள் வேண்டியிருந்தன. 1934இல் திருநெல்வேலியில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தோன்றியது, இ. மு. சுப்பிரமணிய பிள்ளை அதன் செயலாளராக விளங்கினார். 1936இல் சங்கம் சென்னையில் கூட்டிய சொல்லாக்க மாநாட்டிற்கு விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். அறிவியல் பட்டம் பெற்ற அவரே பின்னர் 'யாழ் நூல்' தந்தவர் என்பது கருதத்தக்கது. 1938இல் வேதியியல் உள்ளிட்ட பல துறைகளுக்குரிய 'கலைச்சொற்கள்' நூலாயின. 1940இல் அரசு, சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் குழு அமைத்தது. அதன் வடசொற் சார்பைத் தமிழறிஞர் எதிர்த்தனர்.

இவ்வளவு போராட்டம் எதற்கு? 'உப்பு' என்னும் சொல்லையே நோக்குவோம். அமிலமும் காரமும் வினைபுரிந்து தருவது உப்பு என்கிறது பாடநூல். கறியுப்பு, இந்துப்பு, வெடியுப்பு எனப் பலவற்றை ஓரினமாகக் கண்ட சித்த மருத்துவ மரபினர்க்கு இக்கருத்து அயலானதன்று. பிளாட்டினக் கம்பியில் உப்பைத் தோய்த்துச் சுடரில் காட்டினால், கறியுப்பிலுள்ள சோடியம் மஞ்சளாகவும், வெடியுப்பிலுள்ள பொட்டாசியம் ஊதாவாகவும், துருசிலுள்ள செம்பு பச்சையாகவும் ஒளிரும். தூத்துக்குடி உப்பளங்களை அறிந்த சிறுவனுக்கு இப்பாடம் வீட்டுச் செய்தி போன்றது.

'விளைச்சல்' என்பதும் அத்தகையதே. 7.95 கிராம் செம்பு ஆக்சைடு முழுதும் வினைபுரிந்தால் 24.95 கிராம் துருசுப் படிகம் கிடைக்க வேண்டும். வடிகட்டுகையிலும் படிகமாக்குகையிலும் இழப்பு நேர்ந்து 20 கிராமே கிட்டினால், விளைச்சல் ஏறத்தாழ 80 விழுக்காடு. விதைத்ததெல்லாம் களம் சேர்வதில்லை என்பதைக் காரும் பிசானமும் விளையும் பொருநைக்கரைப் பிள்ளைக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. தெரிந்த சொல், தெரியாத பொருளுக்கு வழிகாட்டுகிறது.

சோடியம் சிறிதளவு கலந்திருப்பினும் அதன் மஞ்சள் ஒளி பொட்டாசியத்தின் ஊதாவை மறைத்துவிடும். நீலக் கண்ணாடி வழியே பார்த்தால்தான் ஊதா புலப்படும். ஊதா அழிந்துவிடவில்லை, மறைந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ஒளியில் நம் கலைச்சொற்களின் நிலையும் இதுவே. வழங்காத சொல் அகராதியிலேயே உறங்கும். பாடநூலாசிரியர் தனித்து அதனை எழுப்ப இயலாது. சொல்லை ஆளும் கவிஞர்களும் இவற்றைத் தம் எழுத்தில் வழங்குதல் வேண்டும். அதுவே நெல்லைப் புலவர்களுக்கு நாம் செய்யும் நன்றியாகும்.