இரத்தப் புற்றுநோயும் நோயெதிர்ப்பு மருத்துவமும்: சுண்டெலி ஆய்விலிருந்து கார்-டி செல் வரை

பிறபொருளெதிரி (எதிர்ப்பொருள்) என்பது உடலுக்குப் புறம்பான பொருளை அடையாளம் கண்டு அதன்மீது ஒட்டிக்கொள்ளும் புரதம் ஆகும். ஒட்டிக்கொள்வதால் மட்டும் புற்றுச் செல் எப்போதும் அழிந்துவிடுவதில்லை. இயற்கைக் கொல்லி செல்கள், பெருவிழுங்கிகள், டி செல்கள் ஆகியவற்றுக்கு அழிக்கும் திறன் உண்டு. ஆனால் புற்றுச் செல் அவற்றுக்குப் பிடிபடாமல் தப்பிவிடலாம். இவ்விரு திறன்களையும் இணைத்ததே இரத்தப் புற்றுநோய் மருத்துவத்தின் முக்கியத் திருப்பமாகும்.

சுண்டெலிகளில் தொடக்கம்

1956இல் பார்ன்ஸ், லூட்டிட் உள்ளிட்ட பிரித்தானிய ஆய்வாளர்கள், இரத்தப் புற்றுநோய் கொண்ட சுண்டெலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தபின் எலும்பு மச்சையைச் செலுத்தினர். அதே இனத்தின் மச்சையைப் பெற்றவற்றில் நோய் திரும்பியது. வேறு இனத்தின் மச்சையைப் பெற்றவற்றில் புற்று மறைந்தது. ஆயினும் அவை வேறொரு நோயால் இறந்தன. அந்நியச் செல்கள் புற்றை மட்டுமன்றி உடலையும் தாக்கியதே அதன் காரணம்.

பிறபொருளெதிரியின் வால்

எனவே இலக்கைச் சரியாகச் சுட்டும் கருவி தேவைப்பட்டது. 1975இல் கோலர், மில்ஸ்டீன் இருவரும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உருவாக்கும் முறையைக் கண்டனர். 1984இல் நோபல் பரிசு பெற்றனர். இம்முறையின் வழிவந்த ரிட்டுக்சிமாப் 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2000இல் கிளைன்ஸ், ரேவெட்ச் குழுவினர் அம்மருந்தைச் சுண்டெலிகளில் சோதித்தனர். பிறபொருளெதிரியின் வால்பகுதியைப் பற்றும் ஏற்பிகள் நோயெதிர்ப்புச் செல்களில் முறையாக இயங்காத சுண்டெலிகளில், மருந்தின் பயன் பெரிதும் குறைந்தது.

இந்தியாவில்

1989இல் இசுரேலின் எஷ்ஹார் குழுவினர், பிறபொருளெதிரியின் அடையாளங்காணும் பகுதியை டி செல்லிலேயே பொருத்தினர். இதிலிருந்து வளர்ந்த கார்-டி சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அதன் செலவு இந்திய நோயாளிகளுக்குக் கோடிக்கணக்கான ரூபாயாக இருந்தது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தானே வடிவமைத்த கார்-டி செல்லை முதலில் சுண்டெலிகளில் சோதித்தது. பின்னர் டாட்டா நினைவு மையத்துடன் இணைந்து 2021இல் நோயாளிக்குச் செலுத்தியது. 'நெக்ஸ்கார்19' என்னும் அம்மருந்து 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் கார்-டி ஆய்வில் ஈடுபட்டுள்ளது.

நெக்ஸ்கார்19இன் விலை வெளிநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எனப்படுகிறது. எனினும் அதுவும் பல இலட்சம் ரூபாய். மதுரையை அடுத்த சமயநல்லூர் போன்ற ஊர்களின் உழைக்கும் குடும்பங்களுக்கு அது இன்னும் எட்டாத தொகையே. சுண்டெலிகளில் தொடங்கிய இவ்வரலாற்றில் இனித் தீர்க்க வேண்டியது அறிவியல் சிக்கல் மட்டுமன்று, செலவும்தான்.