எட்டு மணி நேரமும் ஏழையின் முடிவும்

"அதுங்க கையில காசு தங்காது." சேரியில் வளர்ந்தவர்கள் யாரும் இதைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. வறுமைக்கு ஏழையின் தவறான முடிவுகளே காரணம் என்ற இந்தப் பழிக்கு நடத்தைப் பொருளியலுக்குள்ளேயே மறுப்பு இருக்கிறது.

புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் 2013இல் 'சயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள். கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் சிந்தனைத் தேர்வுகளில் தடுமாறிய அதே விவசாயி, பணம் வந்தபின் தெளிவாகச் செய்தார். ஆள் மாறவில்லை, பணக்கவலைதான் குறைந்திருந்தது.

சாதியும் இப்படித்தான் மூளையை அழுத்துகிறது. உத்தரப்பிரதேசத்தில் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் பள்ளிச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. எல்லார் முன்னிலையிலும் சாதியை அறிவித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் பின்தங்கினார்கள். வகுப்பில் உதவித்தொகைப் பட்டியலை உரக்க வாசிக்கும் ஆசிரியர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இதுவரை சரி. ஆனால் இந்தத் துறை சொல்லும் மருந்துகள் பெரும்பாலும் சின்னவை: சேமிக்கச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி, ஓர் உண்டியல். பாரத்தை அப்படியே வைத்துவிட்டு, சுமப்பவனுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

முதலியார்பேட்டையில் (ஊர்ப் பெயரிலேயே சாதி!) மக்கள் ரோடியர் மில் என்றழைத்த ஏ.எப்.டி. பஞ்சாலை இருக்கிறது. அதுவும் சேர்ந்த புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 1936இல் கேட்டது பாரத்தையே குறைக்கச் சொல்லி. அந்த ஆண்டு ஜூனில் பிரான்சில் லியோன் ப்ளூம் அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று சட்டம் போட்டது. அதே பிரான்சின் காலனியில் ஜூலை 30 அன்று துப்பாக்கிச்சூடு. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. எல்லைக்கு இந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934 சட்டப்படி வாரம் 54 மணி. அதை 48 ஆக்கும் திருத்தம் 1946இல்தான் வந்தது. அதைக் கொண்டுவந்தபோது தொழிலாளர் துறை உறுப்பினர் அண்ணல் அம்பேத்கர்.

தினக்கூலியை நம்பிய குடும்பத்துக்கு வேலைநிறுத்தம் என்றால் அன்றைக்கே அடுப்பு எரியாது. தனியாளாகக் கணக்குப் போட்டிருந்தால் ஒருவரும் வெளியே வந்திருக்க மாட்டார்கள். 'கிடைச்சது போதும்' என்று பழகிய மனம் கருத்துக்கணிப்பில் மகிழ்ச்சி என்றே பதில் சொல்லும் என்று அமர்த்திய சென் எச்சரித்தது இதனால்தான். 1936க்கு முன்பு மில்லுக்குள் போய்க் கேட்டிருந்தாலும் பலர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். சங்கம் இருந்த இடத்திலெல்லாம் சாதி ஒழிந்துவிடவில்லை. பம்பாய் ஆலைகளில், அறுந்த நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், தீட்டுப்படும் என்று நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்கவில்லை. கூலி அதிகம் கிடைத்த பிரிவு அதுதான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் தொழிற்சங்கத் தலைவர்களிடம் கேட்டார். அந்தப் பிரிவின் கூலி எந்தத் தலித் தொழிலாளியின் 'தேர்வு'க்குள்ளும் வரவில்லை.

ரோடியர் மில் 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. ஊரடங்கு நடந்துகொண்டிருந்த மாதம் அது.